வீட்டுக்குள்ளே ஒரு கணனியிலிருந்து மற்றக் கணனியை இயக்குவது எப்படி?



ஒரே வீட்டில் உள்ள இரண்டு கணனிகளில் ஒன்றின் முன்னால் இருந்துகொண்டு மற்றதை இயக்குவது எப்படி என்பதே இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பாடம். ஆங்கிலத்தில் இதை ‘ரிமோட் டெஸ்க்டொப்’ என்பார்கள். தமிழில் ‘தொலை இயக்கம்’ என்று சொல்லிக்கொள்வோம். தொலை என்றதும் கடல் கடந்த தூரத்தை நினைக்க வேண்டாம். பேஸ்மென்டுக்கும் மேல்மாடிக்கும் இடையிலுள்ள படிகளும் சில வேளைகளில் பெரிய தூரந்தான்.

நாம் கணக்காளராகத் தொழில் பார்ப்பவர்கள். கணனித் துறையில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஆகவே இங்கே சொல்பவை எமது வீட்டில் செய்து பார்த்து, பிழை விட்டு, திருத்தி அறிந்துகொண்டவை. பிழையில் இருந்தே தொடங்குகிறோம்.

எமக்கு இது ஏன் தேவைப்பட்டது?

2017ஆம் ஆண்டில் ஒரு பொது அமைப்பின் திருவிழாக் கணக்கை எழுத உதவிக்குப் போயிருந்தோம். அங்கே பொருளாளராக இருந்தவர் ஊரில் தபாலதிபராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற பெரியவர். வயது எழுபதுக்கு மேல். உபயகாரர் காசு கொடுத்தால் பற்றுச்சீட்டை எழுதி, அலுவலகக் கணனியிலும் பதிந்த பின்னரே அடுத்தவரை நிமிர்ந்து பார்ப்பார்.

நாம் சனிக்கிழமை இரவு கணக்குக் கோப்பைப் பென்டிரைவில் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஞாயிற்றுக்கிழமை எமது பிரதியில் பழைய பதிவுகளைத் திருத்தினோம். அதே நாள் பெரியவர் அலுவலகத்தில் இருந்து அன்றைய வரவுகளைத் தமது கோப்பில் பதிந்தார். செவ்வாய்க்கிழமை நாம் போய் எமது கோப்பை அங்கிருந்த கோப்பின் மேல் பதித்தோம். ‘இதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, மாற்றவா?’ என்று கணனி கேட்டது. ‘ஆம்’ என்று அழுத்தினோம். ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகள் அத்தனையும் அழிந்தன. அவருக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஓர் உபயகாரர் 501 டொலருக்கான பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து ஏதோ விபரம் கேட்டார். பேரேட்டில் அவர் பெயரே இல்லை. சீட்டில் இருந்தது பெரியவரின் கையெழுத்து. காசு எங்கே என்று ஒருவரும் அவரிடம் நேரே கேட்கவில்லை. ஆனால் அவர் மண்டபத்துக்குள் வந்தால் கதை நின்றது.

நாம் பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பேரேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தோம். 23 சீட்டுகள் பேரேட்டில் இல்லை. அத்தனையும் அந்த ஞாயிற்றுக்கிழமைத் திகதி. மொத்தம் 1,846 டொலர். வங்கிக் கூற்றை எடுத்துப் பார்த்தால், மறுநாள் திங்கட்கிழமையே அதே 1,846 டொலர் சதம் குறையாமல் வைப்பிலிடப்பட்டிருந்தது. வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை உரிய காலத்தில் தயாரித்திருந்தால் அந்த மாதமே விடயம் வெளிவந்திருக்கும். அதைத் தயாரிக்க வேண்டியவரும் நாமே. பிற்போட்டவரும் நாமே.

அடுத்த கூட்டத்தில் எழுந்து பிழை எம்முடையது என்று சொன்னோம். பெரியவர் கோபிக்கவில்லை. வெளியே வந்தபோது மட்டும், “தம்பி, கணக்கைத் திருத்திப்போட்டியள். ஆக்கள் கதைச்சதைத் திருத்தேலாது” என்றார். அடுத்த வருடம் அவர் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை.

அன்று முதல் ஒரு விதியை வைத்துக்கொண்டோம். கணக்குக் கோப்பு ஓரிடத்தில்தான் இருக்கும். வேலை செய்பவர் கோப்பிடம் போக வேண்டும். கோப்பு அவரிடம் வரக்கூடாது. காப்புப் பிரதி எடுத்து அலுமாரியில் வைப்பது வேறு. அது பாதுகாப்புக்கு. அதில் ஒருவரும் ஒரு வரிகூட எழுதக்கூடாது.

2021ஆம் ஆண்டு இந்த விதிக்கு ஒரு சோதனை வந்தது. எமது தொழிற் கணனி பேஸ்மென்டில். தாயார் சுகவீனமாக மேல்மாடி அறையில். இங்கே கனடாவில் தனிநபர் வருமான வரிப் படிவங்களுக்கான கடைசி நாள் ஏப்ரல் 30. மார்ச், ஏப்ரல் மாதங்களில் எமக்கு நித்திரையே குறைவு. கீழே இருந்தால் அம்மா கூப்பிடுவது கேட்காது. கோப்புகளை மடிக்கணனிக்குப் பிரதி எடுத்துக்கொண்டு மேலே போனால் 2017இல் விட்ட பிழையை மறுபடியும் விடுவதாகும். அப்போது கைகொடுத்ததுதான் தொலை இயக்கம். அந்த வரிக்காலம் முழுவதும் அம்மாவின் கட்டிலுக்கு அருகில் கதிரையைப் போட்டு, மடியில் மடிக்கணனியை வைத்து, பேஸ்மென்ட் கணனியில் வேலை செய்தோம். அவர் தண்ணீர் கேட்டபோது எழுந்து கொடுக்க முடிந்தது.

இது எவ்வாறு நடைபெறுகிறது?

பலர் நினைப்பதுபோலக் கோப்பு மேலே வருவதில்லை. பேஸ்மென்ட் கணனியின் திரை எப்படி இருக்கும் என்ற படம் மாத்திரமே மேலே வருகிறது. நாம் மடிக்கணனியில் தட்டும் எழுத்துகளும் மவுஸின் அசைவுகளும் கீழே போகின்றன. கூட்டல், கழித்தல், சேமித்தல் யாவும் கீழேதான் நடக்கின்றன. மடிக்கணனி தவறி விழுந்து உடைந்தாலும் கணக்குக்கு ஒன்றும் ஆகாது.

இந்த வசதி புதியதல்ல. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1998இல் விண்டோஸ் என்.ரி. 4.0இன் ‘டேர்மினல் சேர்வர்’ பதிப்பில் இதை அலுவலகங்களுக்குத் தந்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. புரொபெஷனல் மூலம் தனிக் கணனிகளுக்கும் வந்தது. 1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுகூடத்தில் வி.என்.சி. என்ற இன்னொரு முறை உருவாகியது. அதுவும் இன்றுவரை பாவனையில் உள்ளது.

தேவையானவை

இயக்கப்படும் கணனியை ‘வீட்டுக்காரர்’ என்றும், இயக்கும் கணனியை ‘விருந்தாளி’ என்றும் வைத்துக்கொள்வோம். எமது வீட்டில் பேஸ்மென்ட் கணனி வீட்டுக்காரர், மடிக்கணனி விருந்தாளி.

முதலாவது, வீட்டுக்காரக் கணனியில் விண்டோஸ் ‘புரோ’ பதிப்பு இருக்க வேண்டும். ‘என்டர்பிரைஸ்’, ‘எடியுகேஷன்’ பதிப்புகளும் சரி. கடையில் வாங்கும் பெரும்பாலான வீட்டுக் கணனிகளில் வரும் ‘ஹோம்’ பதிப்பு மைக்ரோசொப்டின் இந்த முறையில் வீட்டுக்காரராக இருக்க முடியாது. விருந்தாளியாக இருக்க முடியும். எமது மடிக்கணனியும் ஹோம் பதிப்பே. உங்களிடம் எது உள்ளது என்று அறிய, ‘செட்டிங்ஸ்’ சென்று ‘சிஸ்டம்’, அதில் ‘அபௌட்’ என்பதைத் திறந்தால் ‘எடிஷன்’ என்ற வரியில் தெரியும்.

இரண்டாவது, இரண்டு கணனிகளும் ஒரே ரவுட்டரில் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டும். விருந்தினருக்கென்று ரவுட்டரில் தனியாக ஒரு வை-பை வைத்திருப்பார்கள். ஒரு கணனி அதிலும் மற்றது இதிலும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றையொன்று காணாது.

மூன்றாவது, வீட்டுக்காரக் கணனியின் பயனருக்குக் கடவுச்சொல் இருக்க வேண்டும். கடவுச்சொல் இல்லாத பயனரை விண்டோஸ் வெளியில் இருந்து உள்ளே விடாது. அது நல்லதற்கே.

நான்காவது, இரண்டு கணனிகளும் இற்றைப்படுத்தப்பட்டவையாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. கணக்கு வைத்திருக்கும் கணனியை விண்டோஸ் 11க்கு மாற்றிக்கொள்வது நன்று.

வீட்டுக்காரக் கணனியில் செய்ய வேண்டியவை

கீழ்வரும் படிமுறை விண்டோஸ் 11க்கு உரியது.

1. ‘செட்டிங்ஸ்’ திறந்து ‘சிஸ்டம்’, அதில் ‘ரிமோட் டெஸ்க்டொப்’ என்பதற்குச் செல்லுங்கள்.

2. அங்குள்ள ஆளியை ‘ஒன்’ ஆக்குங்கள். உறுதி செய்யச் சொல்லிக் கேட்கும். ‘கன்ஃபேர்ம்’ என்பதை அழுத்துங்கள்.

3. அதே பக்கத்தில் இக்கணனியின் பெயர் காட்டப்படும். ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். இது பின்னர் தேவை.

4. கணனியின் நிர்வாகிப் பயனர் எவரும் உள்ளே வரலாம் என்பது விண்டோஸின் ஏற்பாடு. வேறு பயனருக்கு அனுமதி கொடுப்பதாயின் அதே பக்கத்தில் பயனர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். தேவையில்லாத ஒருவரையும் சேர்க்க வேண்டாம்.

5. ‘நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட்’ பகுதிக்குச் சென்று உங்கள் இணைப்பின் விபரங்களைத் திறவுங்கள். வலையமைப்பின் வகை ‘பிரைவேட்’ என்று இருக்கட்டும். அங்கேயே ஐ.பி. முகவரியும் இருக்கும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், உதாரணமாக 192.168.1.20. சில வீடுகளில் 10 என்று தொடங்கும். அதையும் எழுதிவையுங்கள்.

6. ‘சிஸ்டம்’ பகுதியில் ‘பவர்’ என்பதைத் திறந்து, மின்சாரத்தில் இணைந்திருக்கும்போது கணனி நித்திரைக்குப் போகாதபடி ‘நெவர்’ என்று வையுங்கள். திரை அணையலாம், கணனி உறங்கக்கூடாது.

ஐந்தாவது படியில் சொன்ன முகவரி பற்றி ஒரு விளக்கம். இது வீட்டுக்குள்ளே ரவுட்டர் பங்கிட்டுக் கொடுக்கும் இலக்கம். தெருவுக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் 192.168.1.20 இருக்கலாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ரவுட்டர் இந்த இலக்கத்தை இடையிடையே மாற்றிவிடக்கூடும். நேற்று வேலை செய்தது இன்று வேலை செய்யவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இக்கணனிக்கு இந்த இலக்கம்தான் என்று ஒதுக்கிவைக்கும் வசதி உண்டு. அதைச் செய்துவிட்டால் இந்தக் கரைச்சல் இல்லை.

விருந்தாளிக் கணனியில் செய்ய வேண்டியவை

1. தேடும் பெட்டியில் ‘ரிமோட் டெஸ்க்டொப் கனெக்ஷன்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். விண்டோஸுடன் வரும் சிறிய மென்பொருள் இது. எதையும் தரவிறக்க வேண்டியதில்லை.

2. ‘கொம்பியூட்டர்’ என்ற கட்டத்தில் வீட்டுக்காரக் கணனியின் பெயரை எழுதுங்கள். பெயரால் கிடைக்காவிட்டால் ஐ.பி. முகவரியை எழுதுங்கள்.

3. ‘ஷோ ஒப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து பயனர் பெயரை எழுதுங்கள். வீட்டுக்காரக் கணனியில் மைக்ரோசொப்ட் கணக்கு மூலம் நுழைபவராக இருந்தால் உங்கள் மின்னஞ்சல் முகவரியே பயனர் பெயர்.

4. அங்கேயே ‘லோக்கல் ரிசோர்சஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. மேலே உள்ள பிரின்டரில் அச்செடுக்க விரும்பினால் பிரின்டருக்கான சரி அடையாளம் இருக்கட்டும். ‘டிரைவ்ஸ்’ என்பதற்கு அடையாளம் இட வேண்டாம். இட்டால் இரண்டு கணனிகளுக்கும் இடையே கோப்புகளைப் பிரதி செய்யும் வழி திறந்துவிடும். எதைத் தவிர்க்க இவ்வளவும் செய்கிறோமோ அது பின்கதவால் வந்துவிடும். ‘கிளிப்போர்ட்’ என்பதையும் தேவைப்படும் நாளில் மட்டும் திறவுங்கள்.

5. ‘கனெக்ட்’ என்பதை அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். முதல் தடவை, மற்றக் கணனியின் அடையாளத்தை உறுதிப்படுத்த முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். வீட்டுக் கணனி தனக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழைக் காட்டுவதால் வருவது அது. எழுதிய பெயரையும் முகவரியையும் கொப்பியுடன் ஒப்பிட்டுப் பார்த்து, சரியானால் தொடருங்கள்.

பேஸ்மென்ட் கணனியின் திரை மடிக்கணனியில் தோன்றும். முதல் முறை பார்த்தபோது எமக்கே புதுமையாக இருந்தது.

முடித்ததும் மேலே உள்ள பட்டையில் பெருக்கல் குறியை அழுத்தினால் இணைப்பு அறும். ஆனால் கீழே திறந்த வேலைகள் திறந்தபடியே இருக்கும். நீண்ட வேலைக்கு இது வசதி. நாள் முடிவில் கோப்பைச் சேமித்து மூடி, ‘சைன் அவுட்’ செய்வதே நல்ல பழக்கம். ‘ஷட் டவுன்’ அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் படியிறங்கிப் போய்த்தான் மறுபடி இயக்க வேண்டும். எமக்கு இது மூன்று தடவை நடந்தது.

வேலை செய்யாவிட்டால்

கணனியைக் காணவில்லை என்கிறதா? வீட்டுக்காரக் கணனி உறங்குகிறதா, இரண்டும் ஒரே வலையமைப்பிலா, முகவரி மாறிவிட்டதா என்று இந்த ஒழுங்கில் பாருங்கள்.

கடவுச்சொல் பிழை என்கிறதா? நீங்கள் கொடுத்தது பின் இலக்கமாக இருக்கலாம். தினமும் கணனியைத் திறக்கப் பாவிக்கும் அந்தச் சிறிய இலக்கம் அந்தக் கணனிக்கு முன்னால் இருப்பவருக்கு மட்டுமே. தொலை இயக்கத்துக்குக் கணக்கின் முழுமையான கடவுச்சொல் வேண்டும். பின் இலக்கத்தாலேயே நெடுநாள் நுழைந்து பழகியவர்கள், ஒரு தடவை வீட்டுக்காரக் கணனிக்கு நேரில் போய்க் கடவுச்சொல்லால் நுழைந்துவிட்டு வாருங்கள். எம்மிடம் உதவி கேட்டவர்களில் பெரும்பாலானோர் இடறிய இடம் இது.

மெதுவாக ஓடுகிறதா? வீட்டுக்காரக் கணனியை ரவுட்டருடன் கம்பியால் இணையுங்கள். பேஸ்மென்டுக்கு வை-பை சரியாக எட்டாத வீடுகள் பல.

கீழே உள்ள திரை பூட்டிக்கொண்டதா? அது பிழையல்ல. நாம் மேலிருந்து உள்ளே போனதும் கீழ்த்திரை பூட்டப்படும். கீழே இருப்பவர் தமது கடவுச்சொல்லால் நுழைந்தால் எமது இணைப்பு அறும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அந்த மேசையில் இருக்கலாம். கணக்கு எழுதுபவருக்கு இது வரப்பிரசாதம். எமது 2017ஆம் ஆண்டுப் பிழை இந்த ஏற்பாட்டில் நடந்திருக்கவே முடியாது. கோயில், சங்கம் போன்றவற்றின் அலுவலகத்திலும் பின்னறையில் கணக்குக் கணனியும் மண்டபத்தில் ஒரு மடிக்கணனியுமாக இதே ஒழுங்கைச் செய்யலாம். ஒரே நேரத்தில் இருவர் பதிய வேண்டிய இடத்தில் மட்டும், பலர் பாவிக்கும்படி அமைந்த கணக்கியல் மென்பொருளே பொருத்தம்.

ஹோம் பதிப்பு, மக் கணனி வைத்திருப்போருக்கு

வீட்டுக்காரக் கணனியில் ஹோம் பதிப்புத்தான் உண்டென்றால் வி.என்.சி. வகை மென்பொருளைப் பாவிக்கலாம். ‘ரைட் வி.என்.சி.’ அவற்றுள் ஒன்று. இதில் இரு திரைகளிலும் ஒரே காட்சி தெரியும், கீழ்த்திரை பூட்டப்படாது. அதனால் அருகில் இருந்து கற்பிப்பதற்கு நல்லது. குறைபாடும் உண்டு. பழைய வி.என்.சி. முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளே கணக்கில் எடுக்கப்படும். போகும் வரும் தரவுகளும் மறைகுறியாக்கப்படாமல் போகலாம். ஆகவே நம்பிக்கையான வீட்டு வலையமைப்புக்கு வெளியே அதைப் பாவிக்கக்கூடாது.

மக் கணனியில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’, ‘ஷெயரிங்’ என்று போய் ‘ஸ்கிரீன் ஷெயரிங்’ என்பதை இயக்கினால், வீட்டிலுள்ள இன்னொரு மக்கிலிருந்து அதைப் பார்த்து இயக்கலாம். மக்கிலிருந்து விண்டோஸ் கணனிக்குப் போக, மைக்ரோசொப்டின் ‘விண்டோஸ் ஆப்’ என்ற மென்பொருள் உண்டு. 2024 வரை அதன் பெயர் ‘மைக்ரோசொப்ட் ரிமோட் டெஸ்க்டொப்’.

வீட்டுக்கு வெளியே கதவைத் திறக்காதீர்கள்

இங்கே சற்று நிதானமாக வாசியுங்கள்.

தொலை இயக்கம் கணனியில் 3389 என்ற இலக்கக் கதவால் நடைபெறுகிறது. வீட்டுக்குள் இக்கதவு திறந்திருக்கலாம். ‘வேலைத்தலத்திலிருந்தும் வீட்டுக் கணனிக்கு வரலாமே’ என்று சிலர் ரவுட்டரில் இக்கதவை இணையத்துக்கும் திறந்துவிடுகிறார்கள். இது வாசற்கதவைத் திறந்துவைத்துவிட்டு வேலைக்குப் போவதற்குச் சமம். உலகம் முழுவதும் இந்த இலக்கத்தைத் தேடித் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 2019 மே மாதத்தில் ‘புளூ கீப்’ என்ற பெரிய ஓட்டை பழைய விண்டோஸ் பதிப்புகளின் தொலை இயக்கத்தில் வெளிப்பட்டது. கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழையக்கூடிய ஓட்டை அது. ஆதரவு முடிந்து ஐந்து வருடமாகிவிட்ட எக்ஸ்.பி.க்கும் மைக்ரோசொப்ட் அன்று திருத்தம் வெளியிட்டது என்றால் அதன் பாரதூரம் விளங்கும்.

வெளியிலிருந்து வரத்தான் வேண்டும் என்றால் வி.பி.என். என்ற பாதுகாப்பான சுரங்க வழியை அமைத்து, அதன் ஊடாக வீட்டுக்குள் வந்து, பின்னர் தொலை இயக்கத்தைப் பாவிக்க வேண்டும். அது தனிப் பாடம்.

கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம். கொப்பியில் கணனியின் பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். கடவுச்சொல்லை அதே கொப்பியில் எழுதாதீர்கள்.

தொலைபேசியில் வரும் ‘உதவியாளர்’

தொலை இயக்கம் என்பது வீட்டுத் திறப்பு. அதைக் கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள்.

எமக்குத் தெரிந்த ஓர் அம்மா பகலில் வீட்டில் தனியே இருந்தபோது தொலைபேசி வந்தது. பிரபல கணனி நிறுவனம் ஒன்றிலிருந்து கதைப்பதாகவும், அவரது கணனியில் வைரஸ் புகுந்துவிட்டதாகவும் சொன்னார்கள். மரியாதையாக, பொறுமையாகக் கதைத்தார்கள். அவரைக்கொண்டே ஒரு தொலை இயக்க மென்பொருளைத் தரவிறக்குவித்தார்கள். பிறகு கணனியின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து அங்கிருந்த சிவப்புக் குறிகளைக் காட்டினார்கள். அந்தக் குறிகள் எல்லாக் கணனியிலும் சாதாரணமாக இருப்பவை. அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். திரை கறுத்தது. நல்லகாலம், அந்நேரம் மகன் வேலை முடிந்து வந்து இணையக் கம்பியைக் கழற்றினார். அந்த அம்மா பல வாரங்களாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. காசு போகவில்லை, ஆனால் வெட்கம் போகவில்லை.

அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏமாற்றியவர்கள் அதையே தொழிலாகச் செய்பவர்கள். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இவற்றைச் சொல்லிவையுங்கள்:

நீங்கள் கூப்பிடாமல் எந்தக் கணனி நிறுவனமும், வங்கியும் உங்கள் கணனியைத் திருத்தத் தொலைபேசி எடுக்காது. எடுத்தால் ஒன்றும் கதைக்காமல் வையுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல.

தெரியாதவர் சொல்லி எந்த மென்பொருளையும் தரவிறக்க வேண்டாம். திரையில் தெரியும் இலக்கங்களை வாசித்துக் காட்டவும் வேண்டாம், அவர்கள் சொல்லும் இலக்கங்களைத் தட்டவும் வேண்டாம். விண்டோஸிலேயே ‘குயிக் அசிஸ்ட்’ என்று உதவிக்கான ஒரு வசதி உண்டு. உங்கள் மகளுக்கோ மருமகனுக்கோ திரையைக் காட்ட நல்லது. அதையும் மோசடிக்காரர் பாவிக்கிறார்கள். நீங்களாகக் கூப்பிட்டுக் கேட்ட ஒருவருக்கு மட்டும் திரையைக் காட்டுங்கள்.

ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டால், உடனே இணையத்தைத் துண்டித்துக் கணனியை அணையுங்கள். வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பொலிசுக்கும், கனடிய மோசடித் தடுப்பு நிலையத்துக்கும் 1-888-495-8501 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். கணனியை நன்கு பரிசோதிக்கும் வரை மறுபடி வங்கி வேலைக்குப் பாவிக்க வேண்டாம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். அப்பம்மாவோ அம்மம்மாவோ இப்படி ஒன்றைச் சொன்னால் முதலில் ‘சொன்னது நல்லது’ என்று சொல்லுங்கள். ‘ஏன் அழுத்தினீங்கள்?’ என்று கேட்டால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

பயிற்சி

1. உங்கள் வீட்டுக் கணனிகளில் எவை புரோ, எவை ஹோம் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள்.

2. ஒவ்வொரு கணனியின் பெயரையும் ஐ.பி. முகவரியையும் கண்டுபிடியுங்கள். முதல் இரண்டு எண்கள் எல்லாவற்றிலும் ஒன்றாக உள்ளனவா?

3. ஒரு கணனியிலிருந்து மற்றதில் நுழைந்து, ஒரு புதிய கோப்பில் உங்கள் பெயரை எழுதிச் சேமித்துவிட்டு வெளியேறுங்கள். பிறகு மற்றக் கணனிக்கு நேரில் போய் அக்கோப்பைத் திறந்து பாருங்கள். அது எங்கே சேமிக்கப்பட்டது?

4. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 3389 என்ற கதவு வெளியே திறக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூடுங்கள்.

5. உங்கள் வீட்டிலோ நீங்கள் உதவி செய்யும் சங்கத்திலோ ஒரே கணக்குக் கோப்புக்கு எத்தனை பிரதிகள் உள்ளன? அவற்றில் எதில் எழுதுகிறீர்கள்?

இப்பாடத்தில் வந்த சில சொற்கள்

தொலை இயக்கம் – ரிமோட் டெஸ்க்டொப்.
வலையமைப்பு – நெட்வேர்க்.
கடவுச்சொல் – பாஸ்வேர்ட்.
காப்புப் பிரதி – பேக்கப்.
மறைகுறியாக்கம் – என்கிரிப்ஷன்.
இற்றைப்படுத்தல் – அப்டேட்.

ஐந்தாவது பயிற்சிக்கு விடை ஒன்றுக்கு மேல் வந்தால் தயவுசெய்து இன்றே எது உண்மையான கோப்பு என்று தீர்மானியுங்கள். மற்றவற்றுக்குப் ‘பழைய பிரதி’ என்று பெயரிட்டு, திகதியும் இட்டு ஒதுக்கிவையுங்கள். நாம் அதைச் செய்யத் தவறியதால் நேர்மையான ஒரு மனிதர் இரண்டு மாதத்துக்கு மேல் தலைகுனிந்து நடந்தார். அவர் இன்று இல்லை. இந்தப் பாடத்தை அவருக்குக் கடமைப்பட்டவர்களாக எழுதுகிறோம்.

செய்து பார்த்துச் சந்தேகம் இருப்பின் மண்டபத்தில் காணும்போது கேளுங்கள். தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததைச் சேர்ந்து கற்போம்.